கர்லி லாம்போ

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரியை ஒட்டிய விரிகுடாவின் கரையில் கிரீன் பே என்னும் சிறுநகரம் உள்ளது. அங்கு 1898ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஏர்ல் லூயிஸ் லாம்போ பிறந்தார். சுருள்முடி உடையவராதலால் அவரைக் 'கர்லி' என்றே அனைவரும் அழைத்தனர்.

அவர் ஆடியது நம் நாட்டில் ஆடப்படும் கால்பந்து அன்று. அமெரிக்கக் கால்பந்தில் பந்து முட்டை வடிவினது. அதை உதைப்பதைவிடக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே மிகுதி. பெயரில்தான் கால் இருக்கிறது!

1918இல் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த லாம்போ, டான்சில் நோயால் ஊர் திரும்பினார். படிப்பு நின்றது. இறைச்சியைப் பதப்படுத்தி அடைக்கும் நிறுவனம் ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். எனினும் ஆட்டத்தின்மீது கொண்ட வேட்கை தணியவில்லை. 1919 ஆகஸ்டில் ஜார்ஜ் கால்ஹூன் என்னும் செய்தியாளருடன் சேர்ந்து ஊரில் ஓர் அணியைத் தொடங்கினார். சீருடைக்கும் கருவிகளுக்கும் அந்நிறுவனம் 500 டாலர் வழங்கியது. எனவே அணிக்குப் 'பேக்கர்ஸ்', அதாவது பொதி கட்டுவோர், என்று பெயர் வந்தது.

1921இல் அணி தேசியத் தொழில்முறைச் சங்கத்தில் இடம்பெற்றது. ஆனால் கல்லூரி மாணவர்களைப் பொய்ப்பெயரில் ஆடவைத்ததால் அவ்விடத்தை இழந்தது. அது லாம்போவின் பிழையே. மறு ஆண்டு மீண்டும் கட்டணம் செலுத்தி இடத்தைப் பெற்றார். ஆயினும் அவ்வாண்டு மழையால் பார்வையாளர் குறைந்தனர், கடன் பெருகியது. அப்போது ஊர்மக்கள் கைகொடுத்தனர். 1923இல் ஒரு பங்கு 5 டாலர் என 1,000 பங்குகள் விற்பனைக்கு வந்தன. வாங்கியவர்க்கு இலாபத்தில் ஒரு காசும் கிடையாது. கேன்டன், ராக் ஐலண்டு முதலிய சிற்றூர்களின் அணிகள் காலப்போக்கில் மறைந்தன. கிரீன் பே அணி நிலைத்தது.

ஓடுவதையே பெரிதும் நம்பிய அக்காலத்தில் லாம்போ பந்தெறிதலை ஊக்குவித்தார். 1935இல் வந்த டான் ஹட்சன் எறிந்த பந்தைப் பிடிப்பதில் ஈடிணையற்றவராய் விளங்கினார். லாம்போவின் பயிற்சியில் அணி 1929, 1930, 1931, 1936, 1939, 1944 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடியது.

பின்னர்த் தோல்விகள் தொடர்ந்தன. பணமும் வற்றியது. செல்வந்தர் சிலரின் முதலீட்டைப் பெற்று, அணியை இலாபம் ஈட்டும் நிறுவனமாக்க லாம்போ விரும்பினார். அவர் கணக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஐந்து ஐந்து டாலராகச் சேர்த்துக் காத்த அணியை விட்டுக்கொடுக்க நிர்வாகக் குழு இசையவில்லை. 1950இல், தாம் தொடங்கிய அணியை விட்டு அவர் விலகினார். அதே ஆண்டு மீண்டும் பங்குகள் விற்கப்பட்டு 1,00,000 டாலருக்கு மேல் திரண்டது.

சிகாகோ, வாஷிங்டன் அணிகளுக்குப் பயிற்சியளித்தும் அவருக்கு வாகை வாய்க்கவில்லை. 1965 ஜூன் 1ஆம் நாள் அவர் மறைந்தார். அவ்வாண்டே, 1957இல் கட்டப்பட்ட நகர விளையாட்டரங்கிற்குக் கிரீன் பே மக்கள் லாம்போவின் பெயரைச் சூட்டினர். அங்கு ஆடும் அணிக்கு இன்று 5 இலட்சத்திற்கும் மேற்பட்ட பங்குதாரர்கள் உள்ளனர். இலாபப் பங்கு இன்றும் எவருக்கும் இல்லை.