சேரநாட்டில் வாழ்ந்த செந்தமிழ்ப் பேராசிரியர்

பிழைப்பை நாடி வந்தோர்க்குக் கலையும் தத்துவமும் எதற்கு என்னும் வினா நம் குடியிருப்புகளில் அவ்வப்போது எழுவதுண்டு. பாலக்காட்டு எல்லையூர்களிலும் மூணாறு, பீருமேடு மலைகளிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு அவ்வினா புதிதன்று. அதற்கு விடையாய் அமைந்த வாழ்க்கை ஒன்றினை இம்மலரில் நினைவுகூர்வோம். அது மனோன்மணீயம் ஆசிரியர் சுந்தரம் பிள்ளையின் வாழ்க்கை.

அப்பெரியார் 1855ஆம் ஆண்டு ஆலப்புழையில் பிறந்தார். தந்தை பெருமாள் பிள்ளை. தாய் மாடத்தி அம்மாள். நாகப்பட்டினம் நாராயணசாமிப் பிள்ளையிடம் தமிழ் கற்றார். கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகளை ஞானாசிரியராகக் கொண்டார். திருநெல்வேலியில் பள்ளித் தலைமையாசிரியராகவும், திருவிதாங்கூர் அரசின் வருவாய்த்துறை அலுவலராகவும், பின்னர்த் திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராகவும் பணியாற்றினார்.

வகுப்பிலே மேனாட்டுத் தத்துவம். ஓய்விலே தமிழ் ஆராய்ச்சி. இரண்டும் அவருக்குப் பகையாகவில்லை. கற்ற புதுமையைத் தமிழுக்கு உரமாக்கினார். அறிவுத் துறைகளை வகைப்படுத்தும் நூற்றொகை விளக்கத்தை 1888இல் எழுதினார். திருஞானசம்பந்தரைப் பதின்மூன்றாம் நூற்றாண்டினர் என அறிஞர் சிலர் கருதிய காலத்தில், அவர் ஏழாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவராதல் இயலாது எனச் சான்றுகளால் நிறுவினார். மொழிப்பற்று வெறும் ஆரவாரமன்று, உண்மையைத் தேடும் உழைப்பு என்பதை இதனால் உணர்கிறோம்.

1891இல் வெளிவந்த மனோன்மணீயம் ஐந்து அங்கங்களையுடைய செய்யுள் நாடகம். அதன் கதைமூலம் லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதைப்பாட்டு. அதனை மறைக்காது முகவுரையிலேயே கூறினார் ஆசிரியர். கடன் பெற்றதை ஒப்புக்கொள்ளும் நேர்மையும், பெற்றதை முற்றும் தமிழாக்கும் ஆற்றலும் ஒருங்கே வாய்ந்திருந்தமையால் அந்நூல் நின்றது.

அந்நாடகக் கதையும் நமக்கு அணுக்கமானதே. பாண்டியன் சீவகன் மகள் மனோன்மணி. சேரநாட்டு வேந்தன் புருடோத்தமன். மணத்தூது போக வேண்டிய இடத்தில், குடிலன் என்னும் அமைச்சனது சூழ்ச்சியால் நாஞ்சில் நாட்டைக் குறித்துப் போர் மூள்கிறது. எல்லையைப் பற்றிய பூசல் இரு நாட்டவரையும் அலைக்கழிக்கிறது. முடிவில் சுந்தர முனிவர் அமைத்த சுருங்கை வழியே அன்பர் இருவரும் ஒன்றுசேர்கின்றனர். வஞ்சகன் சொல்லை நம்பி மயங்கும் உயிரையும், அதனை மீட்கும் குருவருளையும் இக்கதை உணர்த்துவதாகக் கற்றோர் விளக்குவர்.

1956இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது நாஞ்சில் நாடு தமிழகத்தோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. எல்லைக்கோட்டின் இருபுறமும் உறவுடையோர் நாம். ஆதலால் பூசல் மூட்டும் குடிலன்மாரை அறிந்து விலகும் அறிவு நமக்கு மிகவும் வேண்டும்.

சுந்தரம் பிள்ளை நன்றி மறவாதவர். தம் ஆசிரியர் ஹார்வி துரைக்கு நாடகத்தைக் காணிக்கையாக்கினார். தம் தோட்டத்திற்கும் ஹார்விபுரம் எனப் பெயரிட்டார். வாழும் மண்ணையும் அவர் அயலாகக் கருதவில்லை. திருவிதாங்கூரின் பழைய அரசர்களைக் கல்வெட்டுகளால் ஆராய்ந்து அந்நாட்டு வரலாற்றுக்கு அடிகோலினார். அவர் மைந்தர் நடராச பிள்ளை பிற்காலத்தில் திருவிதாங்கூர்-கொச்சி அரசின் நிதியமைச்சரானார்.

1897இல் தம் நாற்பத்திரண்டாம் வயதில் பேராசிரியர் மறைந்தார். அவர் நாடகத்தின் தமிழ்த்தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதியைத் தமிழக அரசு 1970இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. திருநெல்வேலிப் பல்கலைக்கழகமும் அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

நீண்ட ஆயுளோ, தமிழ்நாட்டு வாழ்வோ அவருக்கு வாய்க்கவில்லை. கிடைத்த பொழுதைப் பயன்கொண்டார். தேயிலைக் காட்டிலும் ஆலையிலும் அலுவலகத்திலும் உழைத்து மாலையில் வீடு திரும்பும் நமக்கும் சிறு பொழுது உண்டு. அப்பொழுதில் நம் மக்களுக்குத் தமிழெழுத்தைக் கற்பிப்போம். அயலார் மொழியையும் மதித்துப் பயில்வோம். அப்பேராசிரியர்க்கு நாம் செலுத்தும் வணக்கம் அதுவே ஆகும்.