அகதிகளை அழைத்தவரும் இவர்தான், அனுப்பியவரும் இவர்தான்: யார் இந்த ஆர்தர் கால்வெல்?

ஆஸ்திரேலியாவின் முதல் குடியேற்றத்துறை அமைச்சர் ஆர்தர் கால்வெல். 1896-ல் மெல்போர்னில் ஒரு போலீஸ்காரரின் மகனாகப் பிறந்தவர். லேபர் கட்சியில் வளர்ந்து, 1940-ல் எம்.பி., 1945-ல் குடியேற்றத்துறை அமைச்சர்.

எதுக்காக இப்படி ஒரு புதுத் துறை? அவ்வளவு பெரிய நாட்டில் அப்போது இருந்தது சுமார் 75 லட்சம் பேர்தான். 1942-ல் டார்வின் நகர் மீது ஜப்பான் குண்டு வீசிய பயம் வேறு. நாட்டைக் காக்கவும், தொழிற்சாலைகளுக்கும் ஆட்கள் வேண்டும் என்றார் கால்வெல்.

பிரிட்டனில் இருந்து வந்தவர்கள் போதவில்லை. 1947-ல் சர்வதேச அகதிகள் அமைப்புடன் ஒப்பந்தம் போட்டார். ஐரோப்பிய முகாம்களில் தவித்த சுமார் 1,70,000 பேர் அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்து சேர்ந்தார்கள். நிபந்தனை ஒன்றுதான்: அரசு சொல்லும் வேலையை 2 வருஷம் செய்யணும். உள்ளூர் மக்கள் முகம் சுளிக்கக் கூடாதே என்று, முதல் கப்பலுக்கு பால்டிக் நாட்டு இளைஞர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால், போரில் தப்பி வந்த ஆசியர்களுக்கு அதே கதவு மூடியது. 8 குழந்தைகளின் தாயான ஓர் இந்தோனேசியப் பெண்ணை நாடு கடத்த உத்தரவிட்டார். அவர் ஆஸ்திரேலியரை மறுமணம் செய்தவர். 1949-ல் உயர் நீதிமன்றம் அந்தப் பெண் பக்கம் நின்றது. கால்வெல் விடவில்லை, புதுச் சட்டமே கொண்டுவந்தார். அதே டிசம்பரில் ஆட்சி போனது. அடுத்து வந்த அரசு அவரைத் தங்கவிட்டது.

இத்தனைக்கும் கால்வெல் மாண்டரின் கற்றவர், சீன நண்பர்கள் உள்ளவர். ஆனாலும் கடைசிவரை வெள்ளை ஆஸ்திரேலியா கொள்கையை விடவில்லை. 1973-ல் இறந்தார். அவருடைய கட்சி அரசே அந்தக் கொள்கைக்கு முடிவு கட்டியதும் அதே ஆண்டில்தான்.