எண்களின் காரணி கண்ட இராமானுஜன்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்தாம் ஆண்டை நிறைவு செய்யும் இந்நன்னாளில், வெள்ளி விழா மலருக்கெனச் சான்றோர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். அண்ணல் அம்பேத்கரின் வரலாற்றையும் இரட்டைமலை சீனிவாசனாரின் வரலாற்றையும் நம் இளைஞர் நன்கு அறிவர். ஆகவே நாம் கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வரலாற்றைத் தேர்ந்தோம்.

அக்கிரகாரத்தில் வளர்ந்த ஒருவரின் வரலாறு நம் மலருக்கு எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். நேர்மையான வினாவே அது. கட்டுரை முடிவதற்குள் அதற்கு விடை கூற முயல்வோம். முதற்கண் ஒரு காரணத்தை மட்டும் சொல்லி வைப்போம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசற்காட்டுப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் கணக்குக் கற்பித்து வந்துள்ளோம். கூட்டல், கழித்தல், வட்டிக் கணக்கு ஆகியவற்றில் சளைக்காத பிள்ளை, காரணிப்படுத்துதல் என்னும் பகுதி வந்ததும் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுவதைக் கண்டிருக்கிறோம். அப்பகுதியையே தம் வாழ்நாள் விளையாட்டாகக் கொண்டவர் இராமானுஜன்.

பிறப்பும் இளமையும்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில், தம் தாயின் பெற்றோர் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதியவர். தாயார் கோமளத்தம்மாள். வருவாய் குறைந்த குடும்பம் அது.

கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் பயின்ற காலத்திலேயே கணிதத்தில் அவர் காட்டிய திறம் ஆசிரியர்களை வியக்க வைத்தது. உயர் வகுப்பு மாணவர்க்குரிய திரிகோணமிதி நூலைப் பதின்மூன்று வயதுக்குள் கற்றுத் தேர்ந்தார். பதினாறு வயதை ஒட்டிக் கார் என்பவர் தொகுத்த கணித நூலொன்று இரவலாக அவர் கைக்கு வந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகளை, முழுமையான நிறுவல்கள் இன்றி அடுக்கித் தந்த நூல் அது. அம்முடிவுகளை ஒவ்வொன்றாகத் தாமே நிறுவிப் பார்க்க முற்பட்டார் அவ்விளைஞர். இவ்வாறு ஓர் இரவல் நூலே அவருக்குப் பல்கலைக்கழகம் ஆயிற்று.

தோல்வியின் ஆண்டுகள்

1904இல் பள்ளிப் படிப்பை முடித்தபோது கணிதத்திற்கான இரங்கநாத ராவ் பரிசு அவருக்குக் கிடைத்தது. உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். ஆயின் கணிதத்தைத் தவிர வேறெதிலும் அவர் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை நின்றது. 1905இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை சென்று திரும்பினார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்வு எழுதினார். 1906இலும் 1907இலும் தவறினார். பட்டமும் வேலையும் இல்லை. 1909இல் சானகி என்னும் சிறுமியை அவருக்கு மணமுடித்து வைத்தனர்.

காகிதம் வாங்கப் பணமில்லாமையால் சிலேட்டுப் பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அக்குறிப்பேடுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலை தேடி அலைந்தார். 1910இல் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வே. இராமசாமி ஐயரைக் கண்டார். இந்தியக் கணிதவியல் கழகத்தை நிறுவியவர் அவர். குறிப்பேட்டைப் புரட்டியதும் அவருக்கு இளைஞரின் தகுதி விளங்கிவிட்டது. அவர் வழியாகவும் நண்பர்கள் வழியாகவும் நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவின் ஆதரவு கிட்டியது. 1911இல் முதற் கட்டுரை அச்சேறியது. 1912 மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார்.

கடல் கடந்த புகழ்

1913 சனவரி 16ஆம் நாளிட்டுக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆர்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். முன்பின் அறியாத ஓர் எழுத்தரின் கடிதத்தை ஒதுக்காமல், தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து ஆய்ந்தார் ஆர்டி. எழுதியவர் மாபெரும் கணித அறிஞர் என அவ்விருவரும் தெளிந்தனர். அவ்வாண்டு மே முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச்சு 17இல் சென்னையிலிருந்து கப்பலேறி ஏப்பிரலில் இலண்டன் சேர்ந்தார் இராமானுஜன். எஃப்.ஏ. தேறாதவருக்குக் கேம்பிரிட்ஜ் 1916இல் ஆராய்ச்சிக்காகப் பட்டம் அளித்தது. 1918இல் அவர் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும் திரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப் பெற்றார்.

புளியங்கொட்டையும் பகு எண்களும்

1915இல் வெளிவந்த அவருடைய பெருங்கட்டுரை காரணிகளைப் பற்றியதே. அதைப் புரிந்துகொள்ள நம் வீட்டுப் புளியங்கொட்டையே போதும்.

37 புளியங்கொட்டைகளை எடுத்துச் சம வரிசைகளாக அடுக்கிப் பாருங்கள். ஒரே வரிசையாக நீட்டலாமே அன்றி வேறு வழியில்லை. ஆகவே 37 பகா எண். ஒரு கொட்டையை எடுத்துவிடுங்கள். 36 ஆயிற்று. இப்போது 2 வரிசைகளில் பதினெட்டாக, 3 வரிசைகளில் பன்னிரண்டாக, 4 வரிசைகளில் ஒன்பதாக, 6 வரிசைகளில் ஆறாக அடுக்கலாம். 1, 2, 3, 4, 6, 9, 12, 18, 36 என ஒன்பது எண்கள் அதனை மீதியின்றி வகுக்கும். 36ஐ விடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் இல்லை. இவ்வாறு தமக்கு முந்திய எல்லா எண்களையும் விட மிகுதியான வகுத்திகளைக் கொண்ட எண்களையே இராமானுஜன் ஆராய்ந்தார். அவற்றை மிகு பகு எண்கள் எனலாம். 12, 24, 36, 48, 60, 120, 360 என்பன அவற்றுட் சில. ஆண்டுக்கு 12 திங்கள், நாளுக்கு 24 மணி, நாளுக்கு 60 நாழிகை, வட்டத்திற்கு 360 பாகை என முன்னோர் வகுத்தமை நோக்குக. பலருக்குப் பங்கிட ஏற்ற எண்கள் அவை.

வகுத்திகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டுவதில்லை. 360ஐப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் மூன்று 2, இரண்டு 3, ஒரு 5 வரும். ஒவ்வோர் எண்ணிக்கையுடனும் ஒன்று கூட்டிப் பெருக்குக. 4, 3, 2 ஆகியவற்றின் பெருக்கற்பலன் 24. வகுத்திகளும் 24. மிகு பகு எண்ணில் பகா எண்கள் 2, 3, 5 என இடைவெளியின்றி வரும் என்றும், அவற்றின் அடுக்குகள் ஏறாமல் இறங்கியே செல்லும் என்றும், 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்றெல்லாவற்றிலும் கடைசிப் பகா எண் ஒரே முறைதான் வரும் என்றும் அவர் நிறுவினார். 67,46,32,83,88,800 வரை கையாலேயே கணக்கிட்டுப் பட்டியல் தந்தார். அவ்வெண்ணுக்கு 10,080 வகுத்திகள் உண்டு. அப்பட்டியலில் 2,93,31,86,25,600 என்னும் ஒரே எண் விடுபட்டுப் போயிற்று. மேதைக்கும் ஒன்று தவறும். விடைத்தாளில் ஒன்று தவறியதற்காக மனமுடையும் மாணவர் இதனை நினைவிற் கொள்க.

எண்ணைப் பிரிக்கத் தெரிந்தவருக்கு இயற்கணிதக் கோவையைப் பிரிப்பது அரிதன்று. எக்ஸ் வர்க்கம், 13 எக்ஸ், 36 ஆகியவை கூடிய கோவையைக் காரணிப்படுத்த வேண்டுமெனில், பெருக்கினால் 36உம் கூட்டினால் 13உம் தரும் இரண்டு எண்களைத் தேட வேண்டும். புளியங்கொட்டை வரிசைகளை நினைத்துப் பாருங்கள். 4உம் 9உம் எதிரே வந்து நிற்கும். எக்ஸ் கூட்டல் 4, எக்ஸ் கூட்டல் 9 என்பனவே காரணிகள். பத்தாம் வகுப்புப் பிள்ளை திணறுவது இயற்கணிதத்தால் அன்று. ஆறாம் வகுப்பில் 36ஐ அடுக்கிப் பார்க்காமையால்தான்.

1729

இங்கிலாந்தின் குளிரும் போர்க்கால உணவுத் தட்டுப்பாடும் மரக்கறி உணவினரான இராமானுஜனின் உடலை வாட்டின. 1917 முதல் நோயுற்று மருத்துவமனைகளில் கிடந்தார். ஒருநாள் அவரைக் காணச் சென்ற ஆர்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அதில் சிறப்பேதும் இல்லை என்றும் சொன்னார். படுக்கையில் இருந்த இராமானுஜன் உடனே மறுத்தார். இரண்டு கனங்களின் கூடுதலாக இரு வேறு வழிகளில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அதுவே என்றார். 12இன் கனத்துடன் 1இன் கனத்தைக் கூட்டினாலும் 1729. 10இன் கனத்துடன் 9இன் கனத்தைக் கூட்டினாலும் 1729.

இக்கதையைச் சொல்லி வியப்பதோடு பலர் நின்றுவிடுவர். நாம் ஓர் அடி மேலே செல்வோம். இரு கனங்களின் கூடுதலைக் காரணிப்படுத்தும் முற்றொருமை நம் பாடநூலில் உள்ளது. இரு எண்களின் கூடுதல் ஒரு காரணி. அவற்றின் வர்க்கங்களின் கூடுதலிலிருந்து அவ்விரண்டின் பெருக்கற்பலனைக் கழித்தால் வருவது மற்றொரு காரணி. 12, 1 என்பவற்றைக் கொண்டால் 13உம் 133உம் கிடைக்கும். 10, 9 என்பவற்றைக் கொண்டால் 19உம் 91உம் கிடைக்கும். 133 என்பது 7 பெருக்கல் 19. 91 என்பது 7 பெருக்கல் 13. இரு வழியும் 7, 13, 19 என்னும் அதே மூன்று பகா எண்களில் வந்து முடிகின்றன. எவ்வழி சென்றாலும் ஓர் எண்ணின் பகாக் காரணிகள் மாறுவதில்லை என்னும் பேருண்மை இதில் விளங்குகின்றதன்றோ? பிள்ளைகள் இதனைத் தாமே ஒரு முறை செய்து பார்க்க வேண்டும்.

1919 மார்ச்சில் தாயகம் திரும்பிய இராமானுஜன், நோய்ப்படுக்கையிலும் கணக்கிட்டுக் கொண்டே இருந்து, 1920 ஏப்பிரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் நீத்தார். அகவை முப்பத்திரண்டே. அவருடைய இறுதிக்காலத் தாள்கள் 1976இல் திரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன. அவர் பிறந்த நாள் 2012 முதல் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது. அவர் விரும்பிய துறையும் வளர்ந்துள்ளது. இரு பெரும் பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கற்பலனை மீண்டும் பிரிப்பது மிக அரிது என்னும் உண்மையைக் கொண்டு, செய்திகளை மறைத்தனுப்பும் முறையொன்றை 1977இல் மூன்று அறிஞர் வகுத்தனர். இணையவழிச் செய்திகளைக் காக்கும் முறைகளுள் அதுவும் ஒன்றாக விளங்கி வந்துள்ளது.

நாம் கற்க வேண்டியது

இனி முன்னர்க் குறித்த வினாவுக்கு வருவோம். இராமானுஜன் ஏழை, அதில் ஐயமில்லை. ஆயின் பள்ளிக் கதவு அவருக்குத் திறந்திருந்தது. இரவல் நூல் தரும் தோழர் இருந்தனர். துணை ஆட்சியரின் வாயிற்படியை அவர் தயங்காமல் மிதிக்க முடிந்தது. அதே காலத்தில் நம் பாட்டன்மாரில் மிகப் பெரும்பாலோர் பள்ளியின் உட்புறத்தைக் கண்டதில்லை. அவர்களிடையே எத்தனை இராமானுஜன்கள் ஆடு மேய்த்தும் பிறர் புஞ்சையில் களை எடுத்தும் மடிந்தனரோ, யார் கணக்கெடுத்தார்?

இராமானுஜனுக்கு மூன்றாண்டு இளையவர் அம்பேத்கர். பம்பாயில் அவர் பயின்ற வகுப்பில் மற்ற மாணவர் கரும்பலகைக்குப் பின்னே தம் உணவுப் பெட்டிகளை வைத்திருந்தனர். கணக்கொன்றைப் போட ஆசிரியர் அவரை அழைத்தபோது, அவர் கை பலகையில் படுவதற்கு முன் ஓடிச் சென்று அப்பெட்டிகளை எடுத்தனராம். 1916இல் இவ்விருவரும் ஒரே வேளையில் இங்கிலாந்தில் கல்வி பயின்றனர். உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் அம்பேத்கர் 1917இல் படிப்பை இடையில் நிறுத்தித் திரும்பினார். பணம் சேர்த்து 1920இல் மீண்டும் சென்று முடித்தார். ஆகவே அறிவு எக்குலத்திலும் பிறக்கும். அதனைக் கண்டு தாங்கும் கைகள்தாம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இதுவே நாம் தரும் விடை.

இங்கு நம் குற்றம் ஒன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். நம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன் பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தவறினான். துணைத் தேர்வு எழுதுவான் என எண்ணி நாம் வாளா இருந்தோம். கட்டணம் கட்டினானா எனக் கேட்கவில்லை. அவன் வீட்டுக்கும் செல்லவில்லை. சில திங்கள் கழித்துத் திருச்சுழிச் சாலையோரம் சீமைக்கருவேலங் கரிமூட்டத்தருகே அவனைக் கண்டோம். கரி படிந்த கையைக் கூப்பி வணங்கினான். நாம் என்ன படிக்கிறாய் என்று கேட்க வாயெடுத்து, கேளாமல் வந்துவிட்டோம். இராமசாமி ஐயர் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார். நாம் புரட்டவில்லை.

இளைஞர்களே, இராமானுஜன் தேர்வில் தவறினார் என்பதை எடுத்துக்காட்டாகக் கொள்ளாதீர். அவரைத் தாங்கப் பலர் இருந்தனர். நமக்குத் தேர்ச்சிச் சான்றிதழே முதல் துணை. எல்லாப் பாடங்களையும் படியுங்கள். காரணிப்படுத்துதலைக் கண்டு அஞ்சாதீர். சங்கத்து உறுப்பினர்களே, தேர்வு முடிவு வெளிவரும் நாளில் வெற்றி பெற்ற பிள்ளைக்கு மாலையிடுமுன், தவறிய பிள்ளையின் வீட்டுக்குச் செல்லுங்கள். துணைத் தேர்வுக் கட்டணத்தைச் சங்கமே செலுத்தட்டும். மாலை வகுப்பில் கணக்குக் கற்பிக்கும் பொறுப்பை நாம் ஏற்கிறோம்.

கரிமூட்டத்தில் நாம் கண்ட அம்மாணவன் இன்னும் அவ்வேலையில்தான் உள்ளான். தனித்தேர்வராக எழுதும் வழி அவனுக்கு இன்றும் திறந்தே இருக்கிறது. இம்மலர் அவன் கைக்குக் கிட்டுமுன் நாமே அவன் வீட்டுக்குச் செல்வோம்.

வளர்க நம் கல்விச் சங்கம்.