மின்னோட்டத்தைக் கணக்கில் அடக்கியவர்

நுழையும்முன்

ஆலையில் பெரிய மின்மோட்டார் ஒன்று இயங்கத் தொடங்கும் கணத்தில், அதே இணைப்பில் எரியும் விளக்குகள் மங்கிப் பின் ஒளிர்வதைக் காணலாம். அம்மங்கல் எவ்வளவு, அதைத் தாங்குவதற்கு எவ்வளவு பெரிய மின்மாற்றி தேவை என்பவற்றைப் பொறியாளர்கள் இன்று தாளில் கணக்கிட்டே முன்கூட்டி அறிகின்றனர். அக்கணக்கிற்கு அடித்தளம் இட்ட அறிஞரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் இடர்களும்

1865ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், அன்றைய பிரஷ்யாவின் பிரெஸ்லாவ் நகரில் கார்ல் ஸ்டெயின்மெட்ஸ் பிறந்தார். அந்நகர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. பிறவியிலேயே முதுகு வளைந்திருந்த அவர், ஏறத்தாழ நான்கடி உயரமே வளர்ந்தார். ஓராண்டு வயதிலேயே தாயை இழந்தார். உடல் தந்த துன்பத்தை அவர் அறிவால் வென்றார். பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் கணிதத்திலும் இயற்பியலிலும் சிறந்து விளங்கினார்.

மாணவப் பருவத்தில் சமவுடைமைக் கொள்கை அவரை ஈர்த்தது. அக்கொள்கையைப் பரப்புவோரை அரசு கடுமையாக ஒடுக்கிய காலம் அது. கைதாகும் நிலை நெருங்கவே, முனைவர் பட்டம் பெறும் தறுவாயில் இருந்தும் 1888இல் நாட்டைவிட்டு வெளியேறிச் சூரிச் நகரை அடைந்தார். மறு ஆண்டு கப்பலேறி நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினார். கையில் பணம் இல்லை; ஆங்கிலமும் போதிய அளவு தெரியாது. அவரது உடல்நிலையைக் கண்ட அதிகாரிகள் திருப்பி அனுப்ப எண்ணினர். உடன்வந்த நண்பர் பொறுப்பேற்று வேண்டியதால் நாட்டிற்குள் நுழைய இசைவு கிடைத்தது. பின்னாளில் தம் பெயரைச் சார்லஸ் புரோட்டியஸ் ஸ்டெயின்மெட்ஸ் என மாற்றிக்கொண்டார்.

இரும்பின் தயக்கம்

யாங்கர்ஸ் நகரில் தொப்பி செய்யும் இயந்திரங்களையும் மின்கருவிகளையும் உருவாக்கிய ருடால்ஃப் ஐக்மேயரின் தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்தது. மின்மாற்றியும் மோட்டாரும் ஏன் இவ்வளவு சூடேறுகின்றன என்னும் கேள்வி அக்காலப் பொறியாளர்களை வாட்டியது. மாறுதிசை மின்னோட்டம் திசை மாறும்போதெல்லாம் இரும்பின் காந்தத்தன்மையும் மாறவேண்டும். இரும்பு அம்மாற்றத்திற்குத் தயங்குவதால் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. அவ்விழப்பு காந்தப்பாய அடர்த்தியின் 1.6ஆம் அடுக்கிற்கு ஏற்ப மிகுகிறது என்று ஆய்வுகள் வழி நிறுவி, 1892இல் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தில் அறிவித்தார். கருவியைச் செய்து பார்த்துப் பிழை கண்டு திருத்திய நிலை மாறி, செய்வதற்கு முன்னரே கணக்கிடும் நிலை பிறந்தது.

கலப்பெண்கள் காட்டிய வழி

நேர்திசை மின்னோட்டத்தில் மின்னழுத்தங்களை அப்படியே கூட்டலாம். மாறுதிசை மின்னோட்டத்திலோ மின்னழுத்தமும் மின்னோட்டமும் கட்டத்தில் முன்பின்னாக அமைவதால் எளிய கூட்டல் பொருந்தாது. மின்தடை 3 ஓம், அதனோடு தொடரில் அமைந்த மின்மறுப்பு 4 ஓம் எனில், மொத்த மின்எதிர்ப்பு 7 அன்று. 5 ஓம் ஆகும். இதனால் ஒரு சிறு சுற்றுக்கும் நுண்கணிதத்தில் பல பக்கங்கள் எழுத வேண்டியிருந்தது. கலப்பெண்களைப் பயன்படுத்தினால் அதே விடையைப் பள்ளி இயற்கணிதத்தாலேயே பெறலாம் என 1893இல் சிகாகோவில் நடந்த பன்னாட்டு மின்னியல் மாநாட்டில் ஸ்டெயின்மெட்ஸ் விளக்கினார். தூண்டல் மோட்டாரையும் அவர் ஒரு மின்மாற்றியாகவே நோக்கினார்: நிலையான சுருள் முதன்மைச் சுருள், சுழலும் சுருள் துணைச்சுருள். அவ்வழி அமைந்த சமானச் சுற்றினைப் பொறியியல் மாணவர்கள் இன்றும் கற்கின்றனர்.

தெரிந்து தெளிவோம்

சுழலாமல் நிற்கும் தூண்டல் மோட்டார், துணைச்சுருள் குறுக்கிணைக்கப்பட்ட மின்மாற்றியை ஒத்தது. ஆதலால் தொடக்கத்தில் அது முழுப்பளு மின்னோட்டத்தைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கை இழுக்கும். 200 கிலோவோல்ட் ஆம்பியர் மோட்டார் தொடக்கத்தில் 1200 கிலோவோல்ட் ஆம்பியர் கேட்கிறது எனக் கொள்வோம். 5 விழுக்காடு மின்எதிர்ப்புடைய 1000 கிலோவோல்ட் ஆம்பியர் மின்மாற்றியின் அளவில், மோட்டாரின் மின்எதிர்ப்பு 1000 ÷ 1200, அதாவது 83 விழுக்காடு. இரண்டிலும் மின்மறுப்பே மிகுதி என்பதால் இவற்றை நேராகக் கூட்டலாம், மொத்தம் 88. அதில் மின்மாற்றியின் பங்கு 5. எனவே மின்னழுத்தம் ஏறத்தாழ 6 விழுக்காடு வீழும். மின்மாற்றி 500 கிலோவோல்ட் ஆம்பியர் எனில், மோட்டாரின் பங்கு 42, மொத்தம் 47, வீழ்ச்சி ஏறத்தாழ 11 விழுக்காடு. முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே அது ஐந்தில் ஒரு பங்கு குறையும். பளு மிகுதியாக இருப்பின் மோட்டார் சுழலத் தொடங்காமலே நின்றுவிடவும் கூடும்.

அறிவும் அறமும்

ஐக்மேயரின் நிறுவனத்தை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் வாங்கியபின், 1894இல் ஸ்டெயின்மெட்ஸ் செனெக்டடி நகரில் குடியேறினார். 1902 முதல் அங்குள்ள யூனியன் கல்லூரியில் பேராசிரியராகவும் பணியாற்றினார். தம் உடற்குறை வழிவழியாக வந்தது என்பதால் அவர் மணம் செய்துகொள்ளவில்லை. தம் உதவியாளரை மகனாக ஏற்று, அவர் குடும்பத்தோடு ஒரே இல்லத்தில் வாழ்ந்து, பேரக்குழந்தைகளின் அன்பில் திளைத்தார். நகரக் கல்விக் குழுவின் தலைவராகி, ஏழைக் குழந்தைகளின் கல்விக்கு உழைத்தார். மின்னல் தாக்கி நொறுங்கிய கண்ணாடியின் துண்டுகளைப் பொறுமையாக ஒன்றுசேர்த்து மின்னலின் தடத்தை ஆராய்ந்தார். 1922இல் ஆய்வகத்திலேயே செயற்கை மின்னலை உண்டாக்கிக் காட்டினார்.

1923ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் அவர் மறைந்தார். துறைமுகத்தில் உடற்குறை ஒன்றையே கண்டவர்கள் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தால், மாறுதிசை மின்னோட்டம் எளிய கணக்கிற்குள் அடங்க இன்னும் காலம் பிடித்திருக்கும். உருவு கண்டு எள்ளாமையே அறிவுடைமை என்பதற்கு ஸ்டெயின்மெட்ஸின் வாழ்வு சான்றாக விளங்குகிறது.