டி ஹாவிலண்டு துரையும் எழும்பூர்த் தூய அந்திரேயா ஆலயமும்

எழும்பூர்ப் புகைவண்டி நிலையத்தருகே, பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் உயர்ந்து தோன்றும் தூய அந்திரேயா ஆலயத்தை நம் அன்பருட் பலர் கண்டிருப்பர். அதன் கூர்ங்கோபுரத்தைக் கண்டு வியந்தோர் பலர். அதனை எழுப்பியவர் யாவர் என வினவினோர் சிலரே. ஸ்காத்லாந்து நாட்டுப் பிரஸ்பித்தேரியன் சபையார்க்கு அவ்வாலயத்தைக் கட்டித் தந்த தாமஸ் பியட் டி ஹாவிலண்டு என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1775-ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டுக் கரையை அடுத்துள்ள குர்ன்சி என்னும் சிறு தீவில் பிறந்தார். இளமையிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சென்னைப் படையிற் சேர்ந்து எஞ்சினீயர் பிரிவில் அமர்ந்தார். 1801-இல் எகிப்து நாட்டிற்குச் சென்ற படையிலும் இவர் இருந்தனர்.

பின்னர்ச் சீரங்கப்பட்டணத்தில் இருந்த காலத்து, காவிரிக்குக் குறுக்கே அகன்ற வளைவுகளாற் பாலம் அமைக்கலாம் என்பது இவர் துணிபு. செங்கல் வளைவு அத்துணை அகலத்திற்குத் தாங்காதென ஐயுற்றோர்க்கு விடையாக, 1808-ஆம் ஆண்டளவில் தம் தோட்டத்திலேயே ஏறத்தாழ 110 அடி அகலமுள்ள ஒரே வளைவைக் கட்டிக் காட்டினார். காண்போர் அதனை வியந்தனர். ஆயினும் அவர் எண்ணிய பாலம் எழவில்லை.

அடுத்த ஆண்டில் அவர் வாழ்விலே பெருவீழ்ச்சி நேர்ந்தது. சென்னைக் கவர்னராகிய சர் ஜார்ஜ் பார்லோ என்பாரின் ஆணைகளால் மனங்கசந்த ஆங்கிலப் படைத்தலைவர் பலர் 1809-இல் கலகஞ் செய்தனர். சீரங்கப்பட்டணத்துக் கலகத்தில் டி ஹாவிலண்டும் கலந்து கொண்டமையாற் பதவியினின்று நீக்கப்பட்டார். அச்செயல் தகுமெனக் கூற யாம் முற்படேம். எனினும் அதனோடு அவர் வரலாறு முடிந்துவிடவில்லை. 1812-இல் மீண்டும் பதவி பெற்றுச் சென்னைக்குத் திரும்பினார். கால்டுவெல் என்னும் எஞ்சினீயர் வகுத்த அமைப்பின்படி தூய ஜார்ஜ் பேராலயம் இவர் மேற்பார்வையில் எழுந்து 1815-இல் முடிவுற்றது.

1813-ஆம் ஆண்டுச் சாசனத்திற்குப் பின்னர், ஸ்காத்லாந்துச் சபைக் குருமாரும் கம்பெனியாரால் மாகாணந்தோறும் அமர்த்தப்பட்டனர். அவர்தம் சபைக்கெனச் சென்னையில் ஓர் ஆலயம் வேண்டியதாயிற்று. 1818 ஏப்ரல் திங்களில் எழும்பூரில் அடிக்கல் நாட்டப்பெற்றது. அவ்வாண்டிலேதான் டி ஹாவிலண்டின் மனைவியார் எலிசபெத்து அம்மையார் இறந்தனர். கணவர் கட்டிய பேராலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் முதன்முதல் அடக்கஞ் செய்யப்பெற்றவர் அவ்வம்மையாரே. இத்துயரைச் சுமந்துகொண்டே அவர் புதிய ஆலயப் பணியைத் தொடர்ந்தார்.

எழும்பூர் நிலமோ மென்மையானது. பெருஞ்சுவரும் கோபுரமும் தாங்கும் உறுதி அதற்கில்லை. மேனாட்டு முறை ஒன்றையே பற்றி நில்லாது, இந்நாட்டார் தொன்றுதொட்டுக் கையாண்ட உறைகிணற்று முறையை அவர் மேற்கொண்டார். 14 அடி முதல் 50 அடி வரை ஆழமுள்ள ஏறத்தாழ 150 கிணறுகளை இறக்கி, அவற்றின்மேல் ஆலயத்தை நிறுத்தினார். இலண்டனில் ஜேம்ஸ் கிப்ஸ் என்பார் அமைத்த தூய மார்ட்டின் ஆலயம் இதற்கு முன்மாதிரி. உள்ளே 16 தூண்கள் வட்டமாய் நிற்க, அவற்றின்மேல் 51½ அடி விட்டமுள்ள செங்கற் கவிகை எழுந்தது. கோபுரத்தின் உயரம் 166½ அடி. தூண்களுக்குப் பளிங்குபோல் ஒளிரும் சென்னைச் சுண்ணச்சாந்து பூசப்பெற்றது. 1821 பிப்ரவரியில் ஆலயம் வழிபாட்டிற்குத் திறக்கப்பெற்றது.

டி ஹாவிலண்டு சில ஆண்டுகளில் தம் பிறந்த தீவிற்கு மீண்டு, 1866-இல் முதுமையெய்தி இறந்தார்.

பிறர் கண்டு ஒப்புமாறு அவர் எழுப்பிய சீரங்கப்பட்டணத்து வளைவு, நூற்றிருபத்தைந்து ஆண்டுகட்கு மேல் நின்று பின்னர் இடிந்து வீழ்ந்தது. ஒருவர் கண்ணுக்கும் புலப்படாது மண்ணுள் மறைந்த உறைகிணறுகளோ இருநூறு ஆண்டுகளைக் கடந்தும் ஆலயத்தைத் தாங்கி நிற்கின்றன. பழிக்கும் இழப்பிற்கும் பின்னர், புகழ் தேடாது ஆழத்திற் செய்த வேலையே அவருக்கு நிலைத்த பெயரைத் தந்தது. அக்கிணறுகளைத் தோண்டி இறக்கிய நம் நாட்டுத் தொழிலாளர் பெயரை எக்கல்வெட்டும் கூறவில்லை. அவர் கைத்திறமின்றேல் அவ்வாலயமும் இல்லை.

இவ்வாலயத்துக் குருமார் முயற்சியால் 1835-இல் தோன்றிய சிறு பள்ளியே, 1837-இல் ஜான் ஆண்டர்சன் ஐயரால் வளர்க்கப்பெற்றுப் பிற்காலத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியாய் மலர்ந்தது என்பதையும் ஈண்டு நினைத்தல் தகும். மிஷன் கல்லூரிகளிற் பயிலும் நாம் அனைவரும் இத்தகைய மறைந்த அடித்தளங்களின்மேல் நிற்பவரே. ஒருமுறை இடறினவர்க்கும் இறைவன் ஒரு திருப்பணியை வைத்திருக்கின்றான் என்பதே இவ்வரலாற்றால் யாம் உணர்ந்த உண்மையாகும். தேர்விலோ வாழ்விலோ வீழ்ந்து வருந்தும் தோழர் எவரேனும் உளராயின், அவ்வழிச் செல்லுங்கால் அக்கோபுரத்தைச் சற்றே அண்ணாந்து நோக்குவாராக.