கழற்றிப் பூட்டிய கைகள்: ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கை

கல்வி ஏட்டில் தொடங்கி ஏட்டிலேயே நிறைவு பெறுவது என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. சான்றிதழ் இல்லாதவரை அறிஞர் எனக் கொள்ள அவை தயங்குகிறது. அத்தயக்கத்தைத் தம் வாழ்நாள் முழுவதும் எதிர்த்து நின்றவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. கொங்கு நாட்டார் ஜி.டி. நாயுடு என்றும், ஏனையோர் இந்தியாவின் எடிசன் என்றும் அவரை அழைத்தனர். பட்டப் பெயர்கள் எளிதில் வழங்கப்படுகின்றன. ஆனால் அவர் ஆக்கிய பொருள்களுள் பெரும்பாலானவை ஏழை எளியோர் இல்லங்களுக்கு வந்து சேரவில்லை. அந்த வினாவைத் தவிர்த்துவிட்டு அவரைப் புகழ்வது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது.

களங்கலின் மகன்

கோவைக்குக் கிழக்கே, சூலூரை அடுத்த களங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் கோபால்சாமி நாயுடு உழவர். மழலைப் பருவத்திலேயே தாயை இழந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கசந்தது. மணலை வாரி ஆசிரியர் முகத்தில் வீசிவிட்டு ஓடிய பிள்ளை என்று அவரைப் பற்றிச் சொல்வர். தொடக்கக் கல்வியோடு படிப்பு நின்றது. காட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட அச்சிறுவர், அங்கே தமிழ் நூல்களைத் தாமே எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார். வகுப்பறையில் வெறுத்த எழுத்தைத் தனிமையில் விரும்பிய இம்முரண் அவர் இயல்பு முழுவதையும் விளக்குகிறது. பிறர் கட்டளையால் வரும் எதுவும் அவருக்கு உவப்பானதன்று. தாமே தேடி அடைவது எதுவாயினும் அதில் அவர் சலிப்பதில்லை.

இளமைப் பருவத்தில் அவ்வூருக்கு வந்த வெள்ளையர் அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிள் அவர் வாழ்வைத் திசை திருப்பியது. மாடும் குதிரையும் இன்றித் தானே ஓடும் அவ்வண்டியைக் கண்டவர், அதுபோல் ஒன்றைத் தமதாக்கிக்கொள்ள உறுதி பூண்டார். கோவைக்கு வந்து ஓர் உணவு விடுதியில் பரிமாறும் பணியை ஏற்றார். எச்சில் இலை எடுக்கும் வேலையையும் இழிவாகக் கருதாமல் ஏறத்தாழ மூன்றாண்டுகள் உழைத்துச் சேர்த்த 300 ரூபாயைக் கொண்டு அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஏறி ஊர்வலம் வரவில்லை. பகுதி பகுதியாகக் கழற்றி, ஒவ்வோர் உறுப்பும் எதற்காக உள்ளது என்பதை அறிந்து, மீண்டும் பூட்டினார். அவருக்குக் கிடைத்த பொறியியல் கல்லூரி அதுதான்.

பொள்ளாச்சிச் சாலையில்

பஞ்சுத் தொழிலில் இறங்கிப் பொருள் ஈட்டியதும், பம்பாய் சென்று பஞ்சுப் பேரத்தில் அப்பொருளை இழந்ததும் அவர் வாழ்வில் விரைந்து நடந்து முடிந்தவை. கைப்பொருள் இழந்து திரும்பியவருக்குக் கைகொடுத்தவர் கோவையின் ஆங்கிலத் தொழிலதிபர் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ். இளம் வயதிலேயே கோவைக்கு வந்து காப்பித் தொழிலும் நூற்பாலையும் பள்ளியும் நிறுவிய ஸ்டேன்ஸ், இந்த நாட்டுப்புற இளைஞரின் கைத்திறனையே பிணையாகக் கொண்டு, தவணையில் பணம் செலுத்துமாறு பேருந்து ஒன்றை வாங்க உதவினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவ்வண்டி ஓடத் தொடங்கியது. ஓட்டுநரும் உரிமையாளரும் பழுது பார்ப்பவரும் நாயுடு ஒருவரே.

ஒற்றைப் பேருந்து பெருகி யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் நிறுவனமாயிற்று. யு.எம்.எஸ். என மக்கள் வழங்கிய அந்நிறுவனம் வளர்ந்த நிலையில் இருநூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகளை இயக்கியது. பயணிகள் மணிக்கணக்கில் சாலையோரம் காத்துக் கிடப்பதே வழக்கமாயிருந்த காலத்தில், குறித்த நேரத்தில் வண்டி புறப்பட வேண்டும் என்பதை அவர் நெறியாக்கினார். நேரம் என்பது நகரத்தார்க்கு மட்டும் உரிய உடைமை என்னும் நிலை மாறி, பழனி மலைக்குக் காவடி எடுத்துச் செல்லும் சிற்றூர் மக்களுக்கும் உரியதாயிற்று.

பீளமேட்டில் சுழன்ற மோட்டார்

கொங்கு நாடு மழை மறைவுப் பகுதி. மேற்கு மலைத்தொடர் தடுத்து நிறுத்திய முகிலின் மிச்சமே இந்நிலத்துக்குக் கிடைப்பது. ஆகையால் இங்குள்ள உழவர் வானத்தைவிடக் கிணற்றையே மிகுதியும் நம்பினர். பாறையை வெட்டி ஆழமாகத் தோண்டிய கிணறுகளில், எருதுகள் சரிவில் இறங்கி இழுக்கும் கவலையால் நீர் இறைத்தனர். விடியற்காலையில் தொடங்கும் கவலை ஓட்டம் நண்பகல் வரை நீளும். மாடும் மனிதனும் ஒருங்கே தேய்வர். நனைவதோ சில பாத்திகள்.

1932இல் நீலகிரியின் பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் கிடைக்கத் தொடங்கியது. ஆலைகள் பெருகின, பீளமேடு நூலும் பஞ்சுமாக ஒலிக்கத் தொடங்கியது. மின்சாரம் மலையிலிருந்து இறங்கி வந்துவிட்டது. ஆனால் அதை உழைப்பாக மாற்றும் மோட்டாரோ கடல் கடந்து வர வேண்டியிருந்தது. அயல்நாட்டு மோட்டாரின் விலை சிறு உழவரின் கைக்கு எட்டாதது. பழுதுற்றால் உறுப்புக்காகத் திங்கள் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

மின்மோட்டார் வெளித்தோற்றத்தில் எளிய பொருள். மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிச் செம்புக் கம்பியைச் சுற்றி அமைத்த நிலையான கூடு ஒன்று. அதனுள் சுழலும் உருளை ஒன்று. இரண்டுக்கும் இடையிலான இடைவெளி மயிரிழை போன்றது. அவ்விடைவெளி சற்று மிகுந்தால் வலிமை குன்றும். சற்றுக் குறைந்தால் உராய்ந்து எரியும். தகட்டின் தரம், கம்பிச் சுற்றின் கணக்கு, தாங்கியின் நேர்த்தி ஆகிய மூன்றும் ஒன்றுபட்டாலன்றி அது சுழலாது. வார்ப்படத் தொழிலும் கடைசல் தொழிலும் இளமையாயிருந்த ஊரில் இதைச் செய்து முடிப்பது பெருமுயற்சியாகும்.

1937இல் பீளமேட்டில் நாயுடுவின் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் தொழிற்கூடத்தில் மோட்டார் ஒன்று உருவாகிச் சுழன்றது. இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என அது போற்றப்படுகிறது. இப்பெருமையில், பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தோற்றுவித்த டி. பாலசுந்தரம் நாயுடுவுக்கும் பெரும் பங்குண்டு. அத்தொழில் அறிவு அந்த ஒரு கூடத்தோடு நிற்கவில்லை. கோவைப் பகுதியெங்கும் பட்டறைகள் தோன்றின. கோவை மோட்டாரும் பம்பும் நாடெங்கும் கிணற்று மேட்டில் நிலைகொண்டன. கவலை மாட்டின் கழுத்துப் புண் ஆறியது இந்தத் தொழில் வளர்ச்சியால்தான். நாயுடுவின் முயற்சிகளுள் மக்களின் அன்றாட வாழ்வில் முழுமையாகக் கலந்தது இதுவே.

கருவிகளும் கல்லூரியும்

அயல்நாடுகளுக்குப் பலமுறை சென்ற அவர், கையில் ஒளிப்படக் கருவியோடு சென்றார். 1936இல் இலண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம் பிடித்தார். உலர் மின்கலத்தால் இயங்கும் சிறு மோட்டார் பொருத்திய மழிப்புக் கருவியை 'ரசாந்த்' என்னும் பெயரில் உருவாக்கினார். மிக மெல்லிய மழிப்புத் தகடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப் பதிவுக் கருவி எனப் பட்டியல் நீள்கிறது. 1936இல் தேர்தலில் நின்று தோற்றவர் வாக்குப் பதிவுக் கருவிக்கும் வடிவம் தந்தது சுவையான செய்தி. பருத்தி, சோளம், பப்பாளி ஆகியவற்றில் புதிய வகைகளைக் கண்ட அவருடைய பண்ணையைச் சர் சி.வி. இராமனும் விசுவேசுவரய்யாவும் வந்து பார்த்தனர்.

1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரி தோன்ற அவர் கொடையும் உழைப்பும் துணை நின்றன. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் பெயரைத் தாங்கிய அக்கல்லூரியே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. பள்ளிப் படிப்பை முடிக்காதவர் பொறியியல் கல்லூரியின் முதல்வராக அமர்ந்தார். ஆனால் அமர்ந்த இருக்கையில் நெடுநாள் நிலைக்கவில்லை. நான்காண்டுப் படிப்பு மாணவர் காலத்தை வீணாக்குவது, இரண்டாண்டுகளே போதும் என்பது அவர் கொள்கை. அரசு அதை ஏற்கவில்லை. அவர் விலகினார்.

இவ்வழக்கில் அவர் பக்கமே நியாயம் முழுவதும் இருந்தது எனல் பொருந்தாது. கழற்றிப் பார்த்தே அனைத்தையும் கற்ற ஒருவர், எல்லா மாணவரும் தம்மைப் போன்றவரே என எண்ணிவிட்டார். கணிதமும் கோட்பாடும் ஊறி நிற்கக் காலம் வேண்டும். எனினும் பட்டறையைத் தொடாமலே பட்டம் பெறும் மாணவரைக் காணும்போதெல்லாம் அவருடைய பொறுமையின்மைக்கும் ஒரு பொருள் இருப்பது புலனாகிறது.

உரிமமும் உடைப்பும்

ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று 1941இல் அவர் அறிவித்தார். 1952இல் இருவர் அமர்ந்து செல்லும் சிறிய பெட்ரோல் கார் உருவாயிற்று. அதற்கு அவர் குறித்த விலை 2,000 ரூபாய். நாடு விடுதலை பெற்றுவிட்டது, ஆள்வோர் நம்மவர். ஆனால் 1951ஆம் ஆண்டின் தொழில் வளர்ச்சி ஒழுங்குமுறைச் சட்டம், குறிப்பிட்ட தொழில்களை நடத்த அரசின் உரிமம் வேண்டும் என்றது. அந்தக் காருக்கு உரிமம் கிட்டவில்லை, உற்பத்தி நின்றது. வறிய நாடு தன் முதலீட்டைத் திட்டமிட்டுச் செலவிட வேண்டும் என்பது ஆட்சியாளர் வாதம். அதில் உண்மை உண்டு. ஆயினும் ஒருவன் தன் கையால் செய்து காட்டியதைத் தாளில் ஒப்பம் இல்லை என்று ஒதுக்கும் முறை, எந்தத் திட்டத்துக்கும் துணை செய்யாது.

வரிச் சுமையும் உரிமத் தடையும் அவரை வெகுளச் செய்தன. தாம் ஆக்கிய பொருள்களை மக்கள் முன்னிலையில் தாமே உடைத்துத் தம் எதிர்ப்பைக் காட்டினார். ஆத்திரத்தில் எழுந்த செயல் என்று சிலர் அதைக் குறை கூறலாம். கவிஞன் தன் ஓலையைத் தானே தீயிலிட்டால் அதன் பொருளைப் புரிந்துகொள்ளும் உலகம், கைவினைஞன் தன் படைப்பை உடைக்கும்போது மட்டும் அதை விந்தையாகப் பார்க்கிறது. வாழ்நாள் முழுவதும் மீண்டும் பூட்டுவதற்காகவே கழற்றிய அக்கைகள், அன்று மட்டும் பூட்ட இயலாதபடி உடைத்தன.

நிறைவு

உடைத்தவர் ஓய்ந்துவிடவில்லை. 1967இல் தொழிற் கண்காட்சி ஒன்றை நிறுவினார். கோவை அவினாசி சாலையில் அவர் பெயரால் விளங்கும் காட்சியகத்தில் சிறுவர் இயந்திரங்களின் உள்ளுறுப்பைக் காணலாம். மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து நின்ற களங்கல் சிறுவருக்கு அன்று கிடைக்காத வாய்ப்பு இது. 1974 ஜனவரி 4ஆம் நாள், எண்பதாண்டு நிறைந்த அகவையில் அவர் மறைந்தார்.

2025 அக்டோபரில், உப்பிலிபாளையம் தொடங்கிப் பீளமேட்டைக் கடந்து கோல்டுவின்ஸ் வரை அவினாசி சாலையின் மேல் செல்லும் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு அரசு அவர் பெயரைச் சூட்டியது. அவருடைய சிறிய காருக்கு வழி கிடைக்காத நாட்டில் ஆயிரமாயிரம் கார்கள் இன்று அவர் பெயர் தாங்கிய பாலத்தின் மீது விரைகின்றன. அப்பாலத்தின் கீழே, பீளமேட்டின் சந்துகளில், பத்தாம் வகுப்பைத் தாண்டாத இளைஞர் ஒருவர் எரிந்துபோன மோட்டாரைக் கழற்றிச் செம்புக் கம்பியை மீண்டும் சுற்றிக்கொண்டிருப்பார். அவர் கையறிவுக்கு நாம் என்ன மதிப்புத் தருகிறோம் என்பதே, நாயுடுவின் வாழ்வு நம்மிடம் விட்டுச் சென்றுள்ள கேள்வி.