மோட்டார் சைக்கிளைப் பிரித்துக் கற்றவர்

சென்ற ஆண்டு நம் பள்ளித் திடலுக்கு முன்னாள் மாணவர் ஒருவர், இரு கம்பிகளைக் கைப்பிடியிற் பற்றி வட்டமாகப் பறக்கவிடும் சிறு விமானமொன்றைக் கொண்டுவந்தார். ஈப்போவில் நன்கு ஓடிய அதன் இயந்திரம் இங்கே புகை கக்கித் திணறியது. கேமரன் மலையில் காற்றின் அடர்த்தி குறைவு. ஆதலால் எரிபொருளின் அளவு மிஞ்சிவிட்டது. அவர் எரிபொருள் ஊசியைச் சிறிது உள்ளே திருகினார். ஒலி சீராகி, விமானம் எழுந்தது. அன்று மாணாக்கர் கேட்ட கேள்விகளே இவ்வரலாற்றை எழுதத் தூண்டின.

கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் பிறந்தவர் ஜி. துரைசாமி நாயுடு. பள்ளிப் படிப்பில் அவருக்கு நாட்டமில்லை. ஆசிரியர்மீது மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓடியவர் என்றும் சொல்வர். பள்ளி மலரில் இதனை எழுதலாமோ என்று சற்றே தயங்கினோம். மறைத்தால் அது வரலாறாகாது. மாணாக்கர் இதனைமட்டும் பின்பற்றாதிருப்பாராக!

ஒருநாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் குதிரையுமின்றி ஓடிய அவ்வண்டி இளைஞரின் உள்ளத்தைக் கவர்ந்தது. கோவை சென்று உணவு விடுதியில் பரிமாறும் வேலை செய்து, சில ஆண்டுகள் காசு சேர்த்து, அவ்வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர்வலம் வரவில்லை. முழுவதும் பிரித்துப் போட்டார், மீண்டும் பூட்டினார். பெட்ரோலும் காற்றும் எவ்வளவு கலத்தல் வேண்டும், தீப்பொறி எப்போது எழல் வேண்டும் என்பனவற்றை ஓட்டுநர் எவரும் ஓரளவு அறிவர். அவரோ அவற்றை உறுப்புறுப்பாகக் கையால் தொட்டு அறிந்தார்.

1920இல் ஒரே பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டுநராகித் தொழில் தொடங்கினார். அது வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரும் நிறுவனமாயிற்று. 1937இல் இந்தியாவில் முதல் மின்மோட்டாரை உருவாக்கியதிலும் அவருக்குப் பங்குண்டு. ரேசண்ட் என்னும் மின் சவரக்கருவியும் அவர் ஆக்கமே.

பள்ளியை வெறுத்தவர் 1945இல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றக் காரணமானார் என்பதே நமக்குப் பெருவியப்பு. நான்காண்டுப் படிப்பு வீண், ஈராண்டே போதும் என்று வாதிட்டார். அரசு இசையவில்லை, விலகினார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாம் அதனை முழுவதும் ஏற்பதற்கில்லை. எனினும், ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தி, தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறையில் கைத்திறத்தால் முன்னேறிய நம் பழைய மாணவரை எண்ணுங்கால், அவர் கருத்தை எளிதில் தள்ளவும் மனம் வரவில்லை.

1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார்.

திடலில் அன்று, விமானம் இறங்கியபின், ஆசிரியர் அருகில் நிற்க, மாணாக்கர் மூவர் அவ்வூசியைத் திருகிப் பார்த்தனர். ஒருவன் அளவுக்கு மிஞ்சி உள்ளே திருக, இயந்திரம் நின்றுவிட்டது. எவ்வளவு திருகினோம் என்று நினைவுகூர்ந்து, அவனே அதனைப் பின்னோக்கித் திருப்பினான்.